அலமகோர்டோ குப்பைமேட்டுல அட்டாரி கேசட் தேடின கதை

ஒரு வாசகர், 7 ஜூன் 2025

அண்ணே, அமெரிக்கால அட்டாரின்னு ஒரு வீடியோ கேம் கம்பெனி, ஈ.டி.ங்கற சினிமாவை வச்சுப் பண்ணின கேம் கேசட்டை லட்சக்கணக்குல பாலைவனத்துல புதைச்சு மேல காங்கிரீட் ஊத்தி மூடிட்டாங்கன்னு ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன். உலகத்துலயே மட்டமான கேமாம், அதைப் பண்ணின ஒரே ஆளாலதான் கம்பெனியே படுத்துருச்சாம். நிஜமா? யாராவது தோண்டிப் பார்த்தாங்களா? நீங்க அந்தப் பக்கம்தான இருக்கீங்க?

7 ஜூன், இரவு 10.40

பாதி நிஜம் தம்பி. புதைச்சது நிஜம், காங்கிரீட் நிஜம், தோண்டினதும் நிஜம். அந்த ஒரே ஆளாலதான் கம்பெனி படுத்துச்சுங்கறதுதான் பொய், இதைக் கேக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் இருக்கறது டெக்சாஸ்ல எல் பாசோ. அட்டாரிக்கு இங்க ஒரு பேக்டரி இருந்துச்சு. 1983 செப்டம்பர்ல அங்கிருந்து லாரி லாரியா சரக்கு ஏத்தி, ஒன்றரை மணி நேரம் வடக்கே நியூ மெக்சிகோல இருக்கற அலமகோர்டோங்கற ஊர் குப்பைமேட்டுல கொண்டுபோய் கொட்டினாங்க. ஏன் அந்த ஊர்னா, அங்க குப்பையைக் கிளற யாரையும் விடமாட்டாங்க, அன்னன்னைக்கு வந்ததை அன்னைக்கு ராத்திரியே நசுக்கி மண்ணைத் தள்ளிடுவாங்க. ஆனா ஊர்ப் பசங்களுக்கு எப்படியோ விஷயம் தெரிஞ்சு, வேலி தாண்டிப் போய் கை நிறைய கேசட் அள்ளிட்டு வந்துட்டாங்க. அப்புறம்தான் செப்டம்பர் 29-ஆம் தேதி காங்கிரீட் ஊத்தினாங்க. மொத்தம் 35 லட்சம் ஈ.டி. கேசட் உள்ள போச்சு. 4 கிலோபைட் கேம், அதுக்கு இத்தனை பெரிய சவக்குழி.

மீதியை நாளைக்கு எழுதறேன்.

8 ஜூன், காலை 6.15

ராத்திரி தூக்கம் வரல, 35 லட்சம்னு எழுதினது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அது தப்பு. பல வருஷம் எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம் ஆன கணக்கு அது. ஈ.டி. அடிச்சது 40 லட்சம் அளவுக்கு, அதுல 35 லட்சம் விக்காம திரும்பி வந்துச்சுன்னு ஒரு கணக்கு, அதெல்லாம் குழியிலதான் போயிருக்கணும்னு யாரோ சொன்னது அப்படியே நின்னுருச்சு.

அன்னைக்கு அந்தப் புதைக்கற வேலையைப் பார்த்துக்கிட்ட அட்டாரி மேனேஜர் ஜேம்ஸ் ஹெல்லர். 2014-ல தோண்டும்போது அவரே வந்து சொன்னது, மொத்தம் 7,28,000 கேசட். அதுவும் எல்லா கேமும் சேர்த்து, ஈ.டி. மட்டும் இல்ல. காங்கிரீட் ஊத்தச் சொன்னதும் அவர்தான்.

8 ஜூன், மதியம்

கேசட்டுனு எழுதறேனே, சரியான பேரு கார்ட்ரிட்ஜ்தான்னு ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டிருக்கார். தெரியும்ங்க. 90-கள்ல நம்ம ஊர்ல டிவி கேம் வச்சிருந்த யாரும் அதை கார்ட்ரிட்ஜ்னு சொன்னதே இல்ல. "டேய் அந்த கேசட்டைக் குடுடா, ஒரு நாள் விளையாடிட்டுத் தரேன்", அவ்வளவுதான். மஞ்சள் கலர்ல, மேல "9999 இன் 1"னு ஸ்டிக்கர் ஒட்டி, உள்ள போனா அதே ஏழெட்டு கேம் திரும்பத் திரும்ப வரும். என்கிட்ட அப்படி அஞ்சு இருந்துச்சு. ப்ளஸ் டூ படிக்கறப்போ நான் ட்யூஷன்ல இருந்த நேரமா பார்த்து அம்மா அதையெல்லாம் ஓட்டை ஈயப் பாத்திரத்தோட சேர்த்து பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிட்டாங்க. அம்மா மேல கோவம் இல்ல, வீட்டுக்கு அப்போ குடம்தான் வேணும். ஆனா அந்தக் குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுல ஒரு இழுப்பு இருந்துச்சு. தூக்கிப்போட்ட கேசட்டுக்கு இத்தனை பேர் ஏன் அலைஞ்சாங்கன்னு கேட்டா நான் அதைத்தான் சொல்வேன்.

8 ஜூன், இரவு 11.20

சரி, தோண்டின கதை.

1983-லயே உள்ளூர் பேப்பர்லயும் நியூயார்க் டைம்ஸ்லயும் செய்தி வந்துருச்சு. அட்டாரி தரப்புல சொன்ன காரணம், 2600ங்கற டிவி கேம் மெஷின்ல இருந்து 5200ங்கற அடுத்த மாடலுக்கு மாறறோம், அதான் பழைய சரக்கைக் கழிக்கறோம்னு. அப்படி பேப்பர்லயே வந்தும், நாள் போகப் போக இது கட்டுக்கதைன்னு ஒரு கூட்டம் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. அந்தக் கேமைப் பண்ணின ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவே ரொம்ப நாள் நம்பல. காசுக்குத் திண்டாடற கம்பெனி, சரக்கை நசுக்கி பிளாஸ்டிக்கை எடுக்காம எதுக்கு லாரி வாடகை குடுத்து பாலைவனத்துக்கு அனுப்பப்போகுதுங்கறது அவரோட கேள்வி. நியாயமான கேள்விதான்.

அந்த ஊர்ல அந்தக் காலத்துலயே குப்பை அள்ளற தொழில்ல இருந்தவர் ஜோ லெவண்டோவ்ஸ்கி. இவர் இல்லன்னா எதுவும் கிடைச்சிருக்காது. குப்பைமேடுன்னா அடையாளத்துக்கு ஒரு மரம் கூட இல்லாத வெட்டவெளி, எந்தக் குழி எப்போ தோண்டி எப்போ மூடினதுன்னு ஒரு வரைபடம் கிடையாது. அந்தக் காலத்து போட்டோக்களை வச்சுக்கிட்டு, பின்னால தெரியற மலையும் இதுவும் அதுவும் எந்தக் கோணத்துல இருக்குன்னு பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கா இடத்தைக் குறுக்கிக்கிட்டே வந்தார். 2013 மே மாசம் ஊர் கமிஷன் ஒரு ஆவணப்படக் கம்பெனிக்கு அனுமதி குடுத்துச்சு, அப்புறம் மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் ஆட்கள் காசு போட்டாங்க. மாநில சுற்றுச்சூழல் துறை ஒத்துக்கத்தான் லேட் ஆச்சு.

அந்தத் துறை தயங்கினதுல அர்த்தம் இருக்கு. 1969-ல அலமகோர்டோல ஒரு குடும்பம், பாதரச மருந்து கலந்த விதைத் தானியத்தைத் தின்ன பன்னியோட கறியைச் சாப்பிட்டு, பிள்ளைங்க நரம்பு பாதிச்சு முடங்கிப் போயிட்டாங்க. மிச்சப் பன்னிங்களையும் அதே குப்பைமேட்டுலதான் புதைச்சதாப் பேச்சு. தப்பான இடத்துல பொக்லைன் வாயை வச்சா கேசட்டுக்குப் பதிலா விஷம் மேல வரும். வெளியூர்க்காரங்களுக்கு இது ஒரு வேடிக்கை, அந்த ஊர்க்காரங்களுக்கு அப்படி இல்ல.

2014 ஏப்ரல் 26, சனிக்கிழமை. பொதுமக்களும் பார்க்கலாம்னு சொல்லிட்டதால பல நூறு பேர் வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்னாங்க. எங்க ஏரியாவுல வசந்த காலத்துக் காத்து எப்படின்னு இங்க இருந்தவங்களுக்குத்தான் தெரியும், கண்ணைத் திறக்க முடியாது, பல்லுக்கு நடுவுல மண் நறநறங்கும். அன்னைக்கு அப்படி ஒரு புழுதிக்காத்து. அதுக்கு நடுவுலயே ஆண்ட்ரூ ரைன்ஹார்டுனு ஒரு தொல்லியல் ஆளும் அவர் குழுவும் பொக்லைன் அள்ளிப் போடறதைப் பொறுக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 30 அடி ஆழத்துல வர ஆரம்பிச்சுது. ஜாய்ஸ்டிக் துண்டு, நசுங்கின அட்டைப்பெட்டி, அப்புறம் ஈ.டி. அட்டைப்படமே தெரியற மாதிரி ஒண்ணு. கூட்டம் கத்துன கத்தலை வீடியோல கேட்டாலே எனக்கு மயிர்க்கூச்செறியும். வார்ஷா அங்கதான் நின்னுக்கிட்டிருந்தார், கண் கலங்கிட்டார்.

காத்து அடங்காததால ஒரே நாள்ல நிறுத்திட்டு குழியை மூடிட்டாங்க. எடுத்தது சுமார் 1,300 கேசட்.

9 ஜூன், காலை

"வீடியோல கேட்டாலே"ன்னு எழுதினதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர், அப்போ நீங்க போகலையான்னு. போகல. 140 கிலோமீட்டர். ஏப்ரல் 26-ன்னு கேலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தேன், அன்னைக்கு வேலைல ஷிஃப்ட் மாத்திக் கேட்டேன், தரல. போன் அடிச்சு லீவ் சொல்லியிருக்கலாம், புதுசா சேர்ந்திருந்ததால பயம். இப்போ அந்த வேலையும் இல்ல, அந்தச் சனிக்கிழமையும் திரும்ப வராது.

9 ஜூன், இரவு

ஒரு முக்கியமான கேள்வி வந்திருக்கு. 31 வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த அட்டைப்பெட்டி எப்படி மக்காம இருந்துச்சு? படத்துக்காக யாராவது புதுசா கொண்டுபோய் போட்டாங்களா?

அரிசோனா யுனிவர்சிட்டில வில்லியம் ராத்ஜேன்னு ஒரு தொல்லியல் பேராசிரியர் 1973-ல இருந்து குப்பையை மட்டுமே ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தார். முதல்ல வீட்டுக் குப்பைத்தொட்டி, அப்புறம் குப்பைமேட்டையே தோண்டிப் பார்த்தார். குப்பைமேட்டுல எல்லாம் மக்கி மண்ணாயிடும்னுதான நாம நினைக்கறோம், அவர் பார்த்தது அதுக்கு நேர்மாறு. பத்து, இருபது வருஷம் ஆன நியூஸ்பேப்பர் எழுத்துக்கூட்டி வாசிக்கற மாதிரி வெளிய வந்துச்சு. காரணம் லேசானதுதான். நம்ம வீட்டு எருக்குழில தண்ணி இருக்கும், காத்து போகும், கிளறி விடுவோம், அதனால மக்கும். குப்பைமேட்டுல புல்டோசர் ஏத்தி நசுக்கி மேல மண்ணைப் போட்டா காத்தும் போகாது, ஈரமும் போகாது, அது ஊறுகா ஜாடி மாதிரி உள்ள இருக்கறதை அப்படியே வச்சிருக்கும். அலமகோர்டோ வேற மழை ரொம்பக் கம்மியான ஊர். கேசட் ஓடு ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதுக்கு 31 வருஷம் ஒண்ணுமே இல்ல. அட்டைப்பெட்டி நசுங்கியிருந்துச்சு, கறை பிடிச்சு நாறுச்சு, ஆனா இருந்துச்சு.

இதுக்கு அப்புறம் குப்பைக்குப் போற எந்தப் பொருளையும் "ஒழிஞ்சுது"ன்னு என்னால சொல்ல முடியல. நேத்து ஒரு பழைய சார்ஜரைப் போடப்போய் கைல வச்சுக்கிட்டே நின்னேன்.

10 ஜூன், மாலை

மியூசியம் பத்திக் கேட்டவருக்கு: அலமகோர்டோலயே மலையடிவாரத்துல நியூ மெக்சிகோ விண்வெளி வரலாற்று மியூசியம் இருக்கு, 2016-ல குடும்பத்தோட போனோம். ராக்கெட் இஞ்சின் பெருசு பெருசா வச்சிருந்தாங்க, நான் கேசட்டைத் தேடிப் போய் அது முன்னாடியே நின்னுட்டேன். கண்ணாடிக்குப் பின்னால, ஒரு மூலை உள்வாங்கி, லேபிள் கிழிஞ்சு, மண் இன்னும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு. வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியமும் 2014-லயே ஒரு ஈ.டி. கேசட்டை வாங்கிக்கிச்சு.

10 ஜூன், இரவு 11.50

இப்போ அந்த "ஒரே ஆள்" விஷயம். இதுக்காகத்தான் இத்தனையும் எழுதறேன்.

முதல்ல ஒரு திருத்தம், ஈ.டி. 4 கிலோபைட் இல்ல, 8. பழைய கேம்ங்க பலது 2, 4-தான், அந்த நினைப்புல எழுதிட்டேன்.

1982 ஜூலை கடைசில படத்தோட உரிமைக்கான பேச்சு முடிஞ்சுது, 2 கோடி டாலருக்கு மேல குடுத்ததா அப்போ செய்தி. கிறிஸ்துமஸ்க்கு கடைல இருக்கணும்னா செப்டம்பர் 1-க்குள்ள கேம் முடியணும். சாதாரணமா ஒரு கேமுக்கு ஆறேழு மாசம் எடுப்பாங்க. வார்ஷாவுக்குக் கிடைச்சது அஞ்சு வாரம். முடியும்னு சொல்லி வீட்டுலயும் ஒரு மெஷினை வச்சுக்கிட்டு வேலை செஞ்சு முடிச்சும் குடுத்துட்டார்.

எதுல முடிச்சார்? அட்டாரி 2600-ல மெமரி 128 பைட். கிலோபைட் இல்ல, பைட். யூனிகோட் UTF-8 முறைல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், மேல வைக்கற புள்ளிக்கும், கொம்புக்கும், காலுக்கும் தனித்தனியா 3 பைட். நேத்து என் மனைவி வாட்ஸ்அப்ல "நாளைக்கு கிளம்பும்போது தண்ணி பாட்டில் மறக்காதே"ன்னு அனுப்பினாங்க, உக்காந்து எண்ணிப் பார்த்தேன், 130 பைட். அந்த ஒரு வரி கூட அதுக்குள்ள அடங்காது. ஈ.டி.ங்கற வேற்றுகிரக ஜீவன் வீட்டுக்குப் போன் பண்ண, குழிங்கள்ல கிடக்கற போன் துண்டைத் தேடறதுதான் கேம். ஈ.டி. எங்க நிக்குது, எவ்வளவு சக்தி மிச்சம், போன் துண்டு மூணும் எந்தக் குழில, துரத்தற ரெண்டு ஆளும் எந்தப் பக்கம், அதோட சிநேகிதப் பையன் எலியட் எங்க, எத்தனை மிட்டாய் பொறுக்கியாச்சு, இதெல்லாம் அந்த 128-க்குள்ள. ஆறு திரையையும் ஒரு பெட்டியோட ஆறு பக்கம் மாதிரி ஒட்டி ஒரு உலகம் பண்ணியிருக்கார், எந்தப் பக்கம் நடந்தாலும் சுத்தி வந்துடலாம். அஞ்சு வாரத்துல ஒரு ஆள் இதைச் செஞ்சார்னா நான் எழுந்து நின்னு கும்பிடுவேன்.

11 ஜூன்

"ஆனா கேம் மோசம்தான?"

விளையாடிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். இங்க ஒரு சந்தைல பழைய 2600-ம் பத்து கேசட்டும் சேர்த்து வாங்கினேன், அதுல ஈ.டி. இருந்துச்சு. முதல்ல படமே வரல, வெறும் கோடு. கேசட்டைப் பிரிக்க லேபிளுக்கு அடில ஒளிஞ்சிருக்கற திருகைக் கழட்டணும், லேபிளைக் கிழிக்க மனசு வரல, அதனால முன்பக்கத்து சின்னக் கதவை விலக்கிப் பிடிச்சுக்கிட்டு காது குடையற பஞ்சுக்குச்சியை ஆல்கஹால்ல தொட்டு உள்ள விட்டுத் துடைச்சேன். பஞ்சு கன்னங்கரேல்னு வந்துச்சு. நாலு குச்சி ஆச்சு. அஞ்சாவது வெள்ளையா வந்ததும் சொருகி சுவிட்சைத் தட்டினேன், அந்தப் பச்சை மூஞ்சி திரையில வந்துச்சு.

என் பொண்ணுக்கு அப்போ ஒம்போது வயசு. குழில விழுந்தா. பட்டனை அமுக்கினா ஈ.டி. கழுத்தை நீட்டும், அப்படியே மிதந்து மேல வரலாம். மேல வந்ததும் கையை ஒரு பக்கம் அசைச்சா, திரும்ப அதே குழி. மறுபடியும். மறுபடியும். சிக்கல் என்னன்னா, கால் விழுந்தாத்தான் குழின்னு நம்ம கண்ணு நினைக்குது, கேமோ தலை பட்டாக்கூட விழுந்துட்டேன்னு கணக்கு வைக்குது. இன்னும் ரெண்டு வாரம் குடுத்து நாலு பசங்ககிட்ட விளையாடக் குடுத்திருந்தா இது முதல் நாளே தெரிஞ்சிருக்கும், சரி பண்ணியும் இருப்பார். பிற்காலத்துல ரசிகர் ஒருத்தர் அதே 8 கிலோபைட்டுக்குள்ள சரி பண்ணியும் காட்டிட்டார்.

அதனால கேம்ல குறை இருக்கு. மட்டம்னு சொல்ல மாட்டேன்.

12 ஜூன், இரவு

கம்பெனி எப்படிப் படுத்துச்சுன்னு சுருக்கமா.

1981-ல சரக்கு பத்தாம கடைக்காரங்க தவிச்சாங்க. அதனால 1982-க்கு அட்டாரி முழு வருஷ ஆர்டரையும் முன்கூட்டியே கேட்டப்போ, கேட்டதுல பாதிதான் வரும்னு நினைச்சு எல்லாரும் தேவைக்கு மேல எழுதிக் குடுத்தாங்க. அட்டாரியும் அதை நம்பி அடிச்சுத் தள்ளுச்சு. அதுக்குள்ள, அட்டாரில இருந்து வெளிய போன புரோகிராமர்கள் 1979-ல ஆக்டிவிஷன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு நல்லா ஓட்டறதைப் பார்த்து, ஆளாளுக்கு 2600-க்கு கேம் போட ஆரம்பிச்சிட்டாங்க. கடைல இடமில்ல. ஆர்டர் ரத்து, சரக்கு திரும்பி வருது. 1982 டிசம்பர் 7-ஆம் தேதி, அட்டாரியை வச்சிருந்த வார்னர் கம்பெனி, எதிர்பார்த்த 50 சதவீத வளர்ச்சி வராது, 10 - 15-தான்னு சொன்ன உடனே பங்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விழுந்துச்சு. தேதியைக் கவனிங்க, ஈ.டி. அப்போதான் கடைக்கு வந்துக்கிட்டு இருக்கு. 1983-ல அட்டாரிக்கு நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல.

எல்லாத்துக்கும் மேல குழியே சாட்சி சொல்லுது. 2014-ல எடுத்ததுல ஈ.டி. பத்துல ஒண்ணுதான். மிச்சம்? சென்டிபீட், மிஸைல் கமாண்ட், டிஃபென்டர், ஆஸ்டராய்ட்ஸ், வார்லார்ட்ஸ். அந்தக் காலத்துல ஜனங்க அடிச்சுக்கிட்டு வாங்கின கேமுங்க. யார்ஸ் ரிவெஞ்சும் இருந்துச்சு, 2600-லயே தூள் கிளப்பின கேம்ல ஒண்ணு, அதைப் பண்ணினதும் இதே வார்ஷா. மட்டமான கேமை வெக்கப்பட்டு ஒளிச்சு வச்ச இடம்னா நல்ல கேமுக்கு அங்க என்ன வேலை? குடோனைக் காலி பண்ணின இடம் அது. திரும்பி வந்தது, விக்காதது, எல்லாத்தையும் கூட்டித் தள்ளியிருக்காங்க. 30 வருஷம் அந்த மொத்தப் பழியும் ஒரு மனுஷன் தலைல. அவர் பிற்பாடு படிச்சு மனநல சிகிச்சையாளர் ஆயிட்டார், சிலிக்கான் வேலில டெக் ஆட்களுக்குத்தான் பார்க்கறார். அன்னைக்கு அந்தப் புழுதில அவர் ஏன் அழுதார்னு எனக்குப் புரியுது.

13 ஜூன்

வேல்ஸ்ல நியூபோர்ட்ல ஒருத்தர் தெரியாம குப்பைக்குப் போன ஹார்ட் டிஸ்க்கைத் தேடினாரே, 8,000 பிட்காயின் இருக்கற டிஸ்க், அது மாதிரியான்னு கேட்டிருக்கீங்க. அவர் 2013-ல இருந்து ஊர் கவுன்சில்கிட்ட தோண்ட விடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், விடல, கோர்ட்லயும் 2025 ஜனவரில தள்ளுபடி ஆயிடுச்சு. அங்க தேட நினைச்சது அவ்வளவு பெரிய மேட்டுல ஒரே ஒரு டிஸ்க். அலமகோர்டோல ஏழு லட்சம் ஒரே இடத்துல இருந்தும், இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஆளோட பல வருஷம் போச்சு. அந்த நியூபோர்ட்காரரை நினைச்சா பாவமா இருக்கு, ஆனா கிடைக்கும்னு சொல்ல எனக்கு வாய் வரல.

14 ஜூன், காலை

ஏலம். எடுத்த 1,300-ல மியூசியங்களுக்கும் படக்காரங்களுக்கும் போக, 881 கேசட்டை ஊர் நிர்வாகம் ஈபேல வித்துச்சு, 1,07,000 டாலருக்கு மேல வந்துச்சு. ஒரு பங்கு அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு. ஒரு ஈ.டி. 1,500 டாலரைத் தாண்டுச்சு.

அப்போ எனக்கு இது பிடிக்கல. தொல்லியல்னு சொல்லித் தோண்டிட்டு விக்கறதாங்கற கோவம். இப்போ யோசிச்சா, அந்தக் காசு அந்த ஊருக்குத்தான் போச்சு, எவனோ கொட்டிட்டுப் போன குப்பையை 30 வருஷம் சுமந்த ஊர். கேசட்டும் ஒரு அலமாரிக்குள்ள அடங்காம எத்தனையோ வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. சரின்னுதான் படுது. மிச்ச ஏழு லட்சத்துச் சொச்சம் இன்னும் உள்ளதான் கிடக்கு, அதைத் தோண்டணும்னு எனக்கு ஆசை இல்ல.

15 ஜூன், இரவு 12.30

பொண்ணுக்கு இப்போ பதினாலு. நான் ஒரு வாரமா இதை எழுதறதைப் பார்த்துட்டு, பரண்ல இருந்து மெஷினை இறக்கச் சொன்னா. குழில விழாம நடக்கற வித்தை அவளுக்கு வந்துருச்சு, மேல வந்ததும் ஜாய்ஸ்டிக்கை ஒரு நொடி விட்டுடறா.

ஒரு குழில வாடின பூ ஒண்ணு இருக்கும். ஈ.டி. பக்கத்துல போய் கழுத்தை நீட்டினா அது நிமிரும். வார்ஷா அதுல ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கார், சரியா அமைஞ்சா அந்தப் பூ, யார்ஸ் ரிவெஞ்ச்ல வர்ற 'யார்'ங்கற பூச்சியா மாறிப் பறக்கும். எனக்கு ஒரு தடவை கூட வந்ததில்ல. இன்னைக்கு பதினொன்றரைக்கு மேல, நாலாவது தடவை, அவ கழுத்தை நீட்டினா, பூ நிமிர்ந்துச்சு, ஒரு துடி துடிச்சு றெக்கை விரிஞ்சு திரைக்கு மேல போயிருச்சு. "அப்பா பார்த்தியா"ன்னு என் கையைப் பிடிச்சு உலுக்கிட்டா.